தவராசா மாஸ்டரின் பிழைச் சுரம்

அறுபத்தொன்பதாம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நத்தார் ஆராதனையில் பிழைச் சுரத்தை முதலில் கண்டுபிடித்தவன் நான். பரிசாய் வைத்த பிஸ்கட் ரின் போனதோ சபையில் முன்வரிசையில் இருக்கும் பாலசிங்கத்தாரின் கைக்கு. "ஓகனுக்குக் காத்தடிக்கிறவன் போட்டியில சேர ஏலாது. அவனுக்கு மாஸ்டரின்ர கை தெரியும்" என்று அவரே ஒரு சட்டம் போட்டார். நான் நிற்கிற மறைப்புக்குள் இருந்து பார்த்தால் மாஸ்டரின் முதுகுகூட முழுதாய்த் தெரியாது. காதால்தான் பிடித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அப்படியொரு காது இருக்குமென்று ஒருவரும் நம்பவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

தவராசா மாஸ்டர் கிழமை நாளில் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமையில் தேவாலயத்தில் ஓகன் வாத்தியம் வாசிப்பவர். கடற்படை வெள்ளைக்காரர் போகும்போது விட்டுப்போன குழல் ஓகன் அது. உப்புக்காற்றில் மோட்டார் இறுகிப்போனதால், பின்னால் ஒருவன் நின்று மரக்கைப்பிடியை ஏற்றி இறக்கித் துருத்திக்குக் காற்றுக் கொடுக்க வேண்டும். சல்லிக் கடற்கரையில் வலை இழுத்த கை என்று என்னைப் பிடித்தார்.

"நான் சைவக் கோயிலுக்குப் போறவன் மாஸ்டர்" என்றேன்.

"காத்துக்கு என்ன சமயம்? அடியும்" என்றார்.

மனிதருக்கு விளையாட்டும் பகிடியும் இல்லாமல் ஏலாது. ஆராதனை முடிந்து சனம் எழும்பும்போது வாசிக்கும் பெரிய உருப்படிக்குள் ஒரு சுரத்தை வேண்டுமென்றே பிழையாய் வைப்பார். சில கிழமை ஒரு கீதத்தைக் கடைசியிலிருந்து தலைகீழாய் வாசிப்பார். சில கிழமை மேலே கனமான ஐரோப்பிய இசை போகும். கீழே காலால் மிதிக்கும் கட்டைகளில் பைலா ஆட்டப்பாட்டு ஒன்று களவாய் நடந்து போகும். கண்டுபிடித்தவர்கள் காகிதத் துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை 'பிழை போதகரின் பிரசங்கத்தில்' என்று ஒரு துண்டு வந்தது. மாஸ்டர் அதற்கே பரிசைக் கொடுத்தார்.

எழுபத்துநாலில் ஒரு ஞாயிறு, நடுவில் துருத்தியின் தோல் கிழிந்தது. ஓகன் ஆடு கத்துவது போல இழுத்து அடங்கியது. எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் வாசித்துக்கொண்டிருந்தார். விரல் ஓடுகிறது, கால் ஓடுகிறது, தலை ஆடுகிறது. சத்தம் மட்டும் இல்லை. பக்கம்கூடப் புரட்டினார்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "கண்டுபிடிச்சிட்டன் மாஸ்டர்! இண்டைக்கு எல்லாச் சுரமும் பிழை!" என்று பாலசிங்கத்தார் கத்தினார். மாஸ்டர் திரும்பி, வாய்கள் சிரிப்பதைக் கண்ட பிறகுதான் தானும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை; கிழிந்த தோலைக் கையால் பொத்தினேன்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன். "எவ்வளவு காலமா மாஸ்டர்?"

என் வாயையே பார்த்தார். "களஞ்சியத்துக்குப் பக்கத்தில கப்பல்களில இரும்புத் துருத் தட்டுற சத்தம், இருபது வருசம். ஒரு காது எப்பவோ போயிட்டுது. இப்ப மற்றதும். ஒருத்தருக்கும் சொல்லாதையும் கதிரவேல். இந்த வாங்குப் பலகையில இருந்து எழுப்பிப்போட்டா எனக்கு ஞாயிறெண்டு ஒண்டு இல்லை."

அதற்குப் பிறகு சனிக்கிழமையே போய்த் தைத்த துருத்தித் தோலைத் தடவிப் பார்ப்பேன். அவர் வாசிக்கத் தொடங்கவும் நிறுத்தவும் நான் தரைப்பலகையில் காலால் உதைப்பேன். அந்த அதிர்வு அவருடைய காலுக்குப் போகும். ஆனால் பிழைகளுக்கு நான் என்ன செய்ய? ஒன்று நாலாகி, நாலு ஒன்பதாகியது. யாராவது முகம் சுளிக்கிறார்களா என்று மறைப்பின் ஓட்டையால் பார்த்தபடியே காற்றடிப்பேன். பாலசிங்கத்தார் சந்தோசமாய் விரல் மடித்து எண்ணுவார். "இந்தக் கிழமை மாஸ்டர் ஒன்பது ஒளிச்சு வைச்சிருக்கிறார்!" பகிடிதான் எங்களுக்கு மறைப்பு. பகிடி செல்லாத இடம் ஒன்று வருமே என்பதுதான் என் பயம்.

எழுபத்தாறு ஐப்பசியில் வந்தது. சபையைச் சேர்ந்த கனகம்மாவின் கணவர் வள்ளம் கவிழ்ந்து செத்துப்போனார்; அவரைப் பெட்டியில் வைத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

"சுகமில்லையெண்டு சொல்லுங்கோ மாஸ்டர்" என்று கெஞ்சினேன்.

"இந்தப் பாட்டு என்ர விரலுக்குத் தெரியும்" என்றார்.

இரண்டாம் சரணத்தில் இடது கை ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்துவிட்டது. பிறகு அங்கேயே நின்றது. உதைத்தேன். வருகிறவர் போகிறவரின் காலடி அதிர்வோடு அதுவும் கலந்து போயிற்று. கைப்பிடியை விட்டுவிடவா? விட்டால் பெட்டிக்கு முன்னால் ஓகன் செத்துப்போகும். விடவில்லை. பழக்க தோசத்தில் பாலசிங்கத்தார் 'களுக்' என்று சிரித்து விரலை மடித்தார்.

கனகம்மா எழும்பி நேரே ஓகனடிக்கு வந்தா. சேலைத் தலைப்பு வாயைப் பொத்தியிருந்தது. "என்ர மனுசன்ர பெட்டிக்கு முன்னாலயும் பகிடியோ மாஸ்டர்?"

மாஸ்டருக்கு அவவின் வாய் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருக்கும் செய்வது போல, சிரித்துத் தலையாட்டினார்.

அடக்கம் முடிந்து வந்தபோது மாஸ்டர் வாங்கிலேயே இருந்தார். அவ கேட்டதை நான் மெதுவாய், வாயைத் திறந்து திறந்து சொன்னேன். இரண்டாம் தரம்தான் விளங்கியது.

"அதுக்கு நான் என்ன செய்தனான்?"

"சிரிச்சனீங்கள்."

கட்டைகளை ஒருதரம் கையால் துடைத்தார். பிறகு மூடியை இறக்கிப் பூட்டினார். அவர் என்னிடம் கேட்ட கடைசி வேலை இதுதான்:

"இப்பவே கனகம்மாட்ட போம். எனக்குக் காது கேளாதெண்டு சொல்லும். வாற ஞாயிறு சபைக்கும் சொல்லும். என்னை வரச்சொல்லாதையும் கதிரவேல். அவ அழுதுகொண்டு என்னவும் சொன்னா, விளங்காமல் நான் திரும்பவும் சிரிச்சுப்போடுவன்."