மஞ்சளில் பட்ட சோடா

தருமபுரியில் ஒரு பாய், கல்யாணங்களுக்கு ஜமுக்காளமும் கம்பளமும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால் அவரிடம் சேர்ந்தேன். விரிப்பது, சுருட்டுவது, கறை போக்குவது வேலை. வாயடிப்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

கறையோடு எது வந்தாலும் பாய் முதலில் கேட்பார்: "நூலாடா, மயிராடா?"

"காலங்காத்தால திட்டாதீங்க பாய்" என்பேன்.

நூல் என்றால் பருத்தி ஜமுக்காளம். சலவைச் சோடாவைத் தாங்கும். மயிர் என்றால் ஆட்டு மயிரில் நெய்த கம்பளம். சோடா பட்டால் விறைத்துப்போகும், சாயமும் கக்கும். அதற்குப் பூந்திக்கொட்டை ஊறிய நுரைத் தண்ணீர்தான். அதையும்கூட அடிப்பக்கத்து ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்த பிறகுதான் மேலே போட வேண்டும். "மஞ்சக் கறைன்னா சோடாவக் கண்ணுலயே காட்டாத" என்றும் சொல்லியிருந்தார். பூந்திக்கொட்டை ஊறும்வரை யார் காத்திருப்பது? என் சைக்கிள் பையில் எப்போதும் சோடாத் தண்ணீர் பாட்டில் இருக்கும்.

அதியமான்கோட்டையில் ஒரு விவசாயி வீட்டு நிச்சயம். பெண் உட்காருவதற்குக் கடையில் இருந்த ஒரே வெளிர்நிறக் கம்பளத்தை விரித்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்த பரபரப்பில் யாரோ மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டார்கள். ஓடிப்போய்ச் சோடாத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். மஞ்சள் அப்படியே சிவப்பாகத் திரும்பியது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவப்பதை ஆயிரம் முறை பார்த்தவன் நான். அந்த நேரத்தில் அது புத்திக்கு எட்டவில்லை. துடைப்பதற்குள் பெண்ணை அழைத்துவந்து அதன்மேலேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

பெரியவர்களைக் கும்பிட அவள் எழுந்தாள். கம்பளத்தில் சிவப்பு. சந்தன நிறப் புடவையின் பின்பக்கமும் சிவப்பு. மாப்பிள்ளையின் அத்தை மெல்லக் கேட்டாள்: "ஏனுங்க, பொண்ணு தூரமா?"

மாதவிலக்கைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சத்தமாகச் சொன்னேன்: "தூரமெல்லாம் இல்லீங்க, பக்கத்துலதான் நிக்குது!"

இளவட்டங்கள் கொல்லென்று சிரித்தன. அந்தச் சிரிப்பில் விஷயம் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அத்தை தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தூரமான பொண்ண ஒக்கார வெச்சுத் தட்டு மாத்துவீங்களா? எந்திரிங்க எல்லாரும், போலாம்."

பெண் "இல்லீங்க, இல்லீங்க" என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவளுடைய அம்மா பின்னால் போய் மறைத்து நின்றுகொண்டாள். அப்பாவோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நாந்தாங்க" என்றேன். "மஞ்ச மேல சோடாவ ஊத்திட்டேங்க."

"பொண்ணு வூட்டுல சொல்லிக் குடுத்தாங்களா?" என்றாள் அத்தை.

தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, வெட்டிக் கம்பளத்தில் பிழிந்தேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சிவப்பு கரைந்து மறுபடி மஞ்சளானது.

"கம்பளம் செரி. பொடவ?"

அதில் நான் எப்படிக் கை வைப்பது? பெண்தான் வந்து என் கையிலிருந்த மறுபாதியை வாங்கினாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால், புடவையின் பின்பக்கத்தை முன்னால் இழுத்துப் பிடித்து, தானே பிழிந்து காட்டினாள். அதுவும் மஞ்சளானது.

அத்தையை அவள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "கம்பளத்த அப்பறம் கழுவுங்க. மொதல்ல வாயக் கழுவுங்க."

அத்தை முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும். தட்டு மாற்றினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, சாப்பிடக்கூடக் கூப்பிட்டார்கள். பந்தியில் உட்கார உடம்பு கூசியது. சோடாவை விடுங்கள், அது அவசரம். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அவசரம்?

கடையில் பாய் கம்பளத்தைத் தடவிப் பார்த்தார். சோடா பட்ட இடம் துடைப்பம் போலக் குத்தியது.

"இது மயிருன்னு தெரியுமில்ல?"

"தெரியும் பாய்" என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணத்துக்கும் அதே கம்பளத்தைக் கேட்டு அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. "கம்பளம் வேணுமாம். சோடாக்காரத் தம்பி வேணாமாம்" என்றார் பாய்.

பூந்திக்கொட்டையை ஊறவைத்து, ஓரத்தில் சொட்டு வைத்துப் பார்த்துக் கழுவினேன். நிழலில் உலர்த்திச் சுருட்டி, வேறொருவன் சைக்கிளில் கட்டிவிட்டேன்.