தாளில் படாத கை

அந்த அறையில் இருந்தவர்கள் நாலு பேர்: டாக்டர், கம்பவுண்டர், அப்பா, நான். அம்மா வரவில்லை. தீக்காயத்துக்குக் களிம்பு வாங்கச் சேலம் போகிறோம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தோம். கூட வருவதாகச் சொன்ன மாமன், ஜேடர்பாளையத்தில் பஸ் ஏறும் சமயத்தில் தலைவலி என்று நின்றுவிட்டார். என்ன நோய் என்ற சந்தேகம் எங்களுக்கு முன்பே அவருக்கு வந்திருக்க வேண்டும்.

டாக்டர் என் கண்களைத் துணியால் கட்டினார். "நான் தொடற இடத்தை இடது கையால காட்டு" என்றார். காத்திருந்தேன். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். கட்டை அவிழ்த்தபோது வலது கையின் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஊசி குத்திய மூன்று ரத்தப் பொட்டுகள் இருந்தன.

இதே நோய் கண்டவர்களுக்காக எழுதுகிறேன். என் பிசகு எங்கே என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாவது தேறியதும் டிராயிங் மாஸ்டர் பரீட்சைக்குத் தயாரானேன். அளவுகோல் இல்லாமல் நேர்கோடு, சாய்வாகப் பார்த்த பானை வாயின் நீள்வட்டம், தூரம் போகப்போகச் சிறுத்துத் தெரியும் பெட்டி. இவைதான் அடிப்படை. நாளுக்கு இருநூறு கோடு போடுவேன். ஆரம்பத்தில் கையோரம் தாளில் உரசி உரசி எரியும். பிறகு எரிச்சல் நின்றுவிட்டது. கை பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கோடுகள் முடிகிற இடத்தில் தொய்ந்தன. பயிற்சி போதவில்லை என்று எண்ணி முந்நூறாக்கினேன். இப்படியே எட்டு மாதம் போயிற்று.

அப்பா கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறவர். ஒரு நாள் அங்கே போய், கொப்பரையின் வட்ட வாயை வரைந்துகொண்டிருந்தேன். கை அடுப்புத் திட்டின்மேல் இருந்தது.

"ஏஞ்சாமி, என்னமோ தீயுது?" என்றார் அப்பா.

"பாகா இருக்குமுங்கப்பா."

"பாகு நாத்தம் எனக்குத் தெரியாதாக்கும்? கையெடு. கையெடுறா."

கையை எடுத்தேன். தோல் திட்டிலேயே ஒட்டிக்கொண்டது. எனக்கு வலிக்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்த பார்வையில்தான் பயம் வந்தது.

ஊசி குத்திப் பார்த்த அன்று டாக்டர் என் முழங்கைக்குப் பின்புறம் தடவி, அப்பாவின் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். உள்ளே கயிறுபோல ஒன்று தடித்திருந்தது. கையோரத்துக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு அது. பிறகு பெயரைச் சொன்னார்: குஷ்டம் (என்னுடையது நரம்பைப் பிடிக்கும் வகை, பிறருக்கு ஒட்டாது என்றார்).

அப்பா ஒன்றுதான் கேட்டார். "ஏனுங்க, இவன் வாத்தியாராக முடியுமுங்களா?"

"செத்துப்போன உணர்ச்சி திரும்பாது. மேல பரவாம நிறுத்தப் பார்க்கலாம். வாராவாரம் வரணும்" என்றார் டாக்டர்.

மருந்து நீரடிமுத்து எண்ணெய் (ஒரு காட்டுமரத்து விதையின் எண்ணெய்). தோலுக்கடியில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஊசியால் ஏற்றுவார்கள். செவ்வாய்க்கிழமை ஊசி, புதன்கிழமை காய்ச்சல். மூன்றாவது வாரம் அம்மா கேட்டுவிட்டாள். "களிம்பு வாங்க வாராவாரம் சேலம் போவாங்களாக்கும்? எனக்குப் படிப்பு இல்லீனா புத்தியும் இல்லியா?" அப்பா சொன்னார். அவள் அழவில்லை. அன்றைக்கு என் தட்டிலேயே சோறு போட்டுக்கொண்டு தானும் உண்டாள்.

கையைத் தாளில் உரச விடக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். தெரியாமலே புண்ணாகும், புண் முற்றினால் விரலே போகும்.

"அப்புறம் எப்படிங்க கோடு போடறது?"

"அது எனக்குத் தெரியாதப்பா. எனக்கு வட்டம்கூட முட்டை மாதிரிதான் வரும்."

கையைத் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு ஆடியது. சில மாதம் ஒரு கோடும் உருப்படவில்லை. ஒரு நாள் அலுத்துப்போய், மணிக்கட்டையும் விரல்களையும் இறுக்கிக்கொண்டு, தோளிலிருந்து கையை இழுத்தேன். கோடு தொய்யாமல் போயிற்று. அதன்பின் காற்றில் மூன்று தரம் ஓட்டிப் பார்த்து நாலாவது தரம் பென்சிலை இறக்குவேன். நீள்வட்டத்தின் இரு முனையும் கூராகாமல் திரும்பின. பெட்டியின் விளிம்புகள் தொலைவில் ஒரே புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. சின்ன வளைவுகள் மட்டும் வரவில்லை. அவற்றுக்கு விரல் அசைவு வேண்டும்.

பரீட்சைக்கு, நோய் ஒட்டாது என்ற டாக்டர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் என் மடங்கிய சுண்டுவிரலையும் தழும்பையும் பார்த்தார்.

"கையில என்ன தம்பி?"

"ஆலையில சுட்டதுங்க."

அது பொய்யில்லை. ஆனால் கடிதத்தை நான் வெளியே எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனின் முழங்கை என்மேல் பட்டபோதெல்லாம் நகர்ந்து உட்கார்ந்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியும் குடமும் வைத்து வரையும் பாடத்தில் தேறினேன். கொடியும் இலையும் வரையும் பாடத்தில் தவறினேன். இரண்டிலும் தேறினால்தான் வேலை. மறு வருஷமும் அப்படியே ஆயிற்று. அப்பாவிடம் சொன்னபோது, "செரி சாமி, சாப்பிடு" என்றார்.

இப்போது ஊசியை நிறுத்திவிட்டார்கள். நோய் மேலே ஏறவில்லை. காலையில் எழுந்ததும் வலது கையைத் திருப்பிப் பார்க்கிறேன். அடிபட்டிருந்தால் அது தானாக எனக்குச் சொல்லாது. சொம்பை எடுக்கும் முன்பும் கை ஒருமுறை காற்றில் போய்த் திரும்புகிறது. எந்த வேலைக்கும் இப்படி நேரம் பிடிப்பதால் ஒவ்வொரு நாளும் முன்னைவிட நீளமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் இன்னும் விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து, போக இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

தொட்டால் தெரியாத இடம் உடம்பில் இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள். மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. பஸ்ஸுக்கும், அப்பா வேலையை விட்டு வந்த நாட்களுக்கும்தான் செலவு. எட்டு மாதம் முந்திப் போயிருந்தாலும் அதே செலவுதான் ஆகியிருக்கும்: நூற்று நாற்பத்தாறு ரூபாய்.