இரும்புக் கதவில் ஒட்டிய மைக்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நஷ்டமில்லை. இது நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. கேட்டதுதான் அதிகம்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், ஒரு காலத்தில் வாழைக்காய் பழுக்க வைத்த பழைய கோடவுனை நண்பர்கள் சேர்ந்து கலைக்கூடமாக்கி வைத்திருக்கிறோம். அங்கே நான் நாய்ஸ் மியூசிக் நிகழ்ச்சிகள் நடத்துகிறேன். ராகம், தாளம் எதுவும் கிடையாது. இரும்பு உரசும், ஸ்பீக்கர் வீறிடும். அதுதான் கச்சேரி. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அதைக் கேட்க வரும் பைத்தியங்கள் இந்த ஊரில் முப்பது பேராவது தேறுவார்கள்.

எங்களுக்கு ஒரே விதி. வாசிப்பவர் கையைத் தூக்கிக் காட்டும்வரை எதையும் நிறுத்தக் கூடாது. என்ன சத்தம் வந்தாலும் சரி.

அந்த ஞாயிறு மாலை தீபக் வாசித்தான். கொள்ளேகாலத்துக்காரன். கெட்டிக்காரன்தான், ஆனால் தூசி பட்டால் போதும், மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். இன்ஹேலரை என் சவுண்ட் மிக்ஸர் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். காய் பழுக்க வைத்த உள்ளறையின் இரும்புக் கதவில் சின்ன மைக் ஒன்றை ஒட்டி, கதவைச் சங்கிலியால் அடித்துக்கொண்டிருந்தான்.

மணி 6.40. சங்கிலியைக் கீழே போட்டான்.

டக். டக். டக்.

ஸ்பீக்கரில் சத்தம் நிற்கவில்லை... அவன் இரண்டு கையும் சும்மா தொங்கின.

யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள். கூடவே மூச்சு இழுக்கும் சத்தம். ஈ... ஈ... எனக்குப் புல்லரித்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். வால்யூமை ஏற்றினேன். கூட்டம் கத்தியது.

தீபக் கதவில் காதை வைத்தான். முகம் வெளுத்து என்னிடம் ஓடி வந்தான்.

“ப்ரியாக்கா, உள்ள ஆரோ இருக்கறாங்க. மூச்சு முட்டுது அவங்களுக்கு.”

“வெளியே தாழ் போட்டுக் கிடந்த ரூம்டா அது. போய் வாசி.”

“தொறந்து பாத்துப்போட்டு வந்தர்றேன்.”

போனான். கதவு அவன் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். சாத்தினால் தானாக விழும்.

டக் டக் டக் டக்...

“அக்கா... தொற...”

கூட்டம் விசிலடித்தது. என்னமாய் நடிக்கிறான் என்று நினைத்தேன். குரலுக்கு எக்கோ சேர்த்தேன்.

“அக்கா...”

இன்னும் ஏற்றினேன். அதிர்வில் மேஜைமேல் இன்ஹேலர் குதித்தது.

ஈ... ஈ...

ஈ...

அப்புறம் ஒன்றுமில்லை.

எல்லாரும் கைதட்டினோம். அவன் வெளியே வந்து வணக்கம் சொல்வான் என்று நெடுநேரம் காத்திருந்தோம்.

கடைசியில் நான்தான் திறந்தேன்.

கதவோடு கதவாகத் தொங்கிக்கொண்டிருந்தான். உயிர் இல்லை. உட்பக்கக் கம்பியில் மணிக்கட்டு மாட்டி, வலது கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை.

ஒரு வாரம் கழித்து உமேஷ் போன் செய்தான். நிகழ்ச்சியைப் பதிவு செய்தவன் அவன்தான். கதவு மைக்கின் பதிவைத் தனியாகப் பிரித்து, இரைச்சலை நீக்கியிருந்தான்.

“அக்கா, தீபக் உள்ள போறதுக்கு முன்னாடி வந்துச்சே, அந்தத் தட்டல்... அதை ஒந்த்சல, ஒரே ஒரு தடவை கேளுங்க.”

கேட்டேன். தட்டலுக்கு நடுவே, இழுத்து இழுத்து, ஒரு குரல்.

“கையைத் தூக்கிட்டனே அக்கா... நிறுத்து...”

அது தீபக்கின் குரல். அப்போது அவன் கதவுக்கு வெளியே, என் கண்ணெதிரில், இரண்டு கையும் தொங்க நின்றுகொண்டிருந்தான்.