பதினெட்டு வருஷம் நின்ற கால்கள்

காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டரை வரைக்கும் நிற்க வேண்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பிரிவில், சின்னக்கண்ணுவுக்குப் பதினெட்டு வருஷமாக இதுதான் உத்தியோகம். கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு ஆளுக்கொரு ஸ்டூல் போட்டார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. அதில் சேலைக் கட்டுகள்தான் சொகுசாக உட்கார்ந்திருக்கின்றன. ஆள் உள்ளே வரும்போது உட்கார்ந்திருப்பவளைச் சோம்பேறி என்று அங்கே வேலை பார்க்கிற பெண்களே நினைத்துக்கொள்வார்கள். யாரை நோவது? தன் ஊர் குஜிலியம்பாறையிலிருந்து அவள் வருகிற பஸ்ஸிலாவது இடம் கிடைக்குமா என்றால், அதுவும் பாதி நாள்தான்.

இரண்டாவது பிள்ளை பிறந்த சமயத்திலேயே இடது கெண்டைக்காலில் பச்சையாக ஒரு நரம்பு எட்டிப் பார்த்தது. இப்போது அது முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் புடைத்துச் சுருண்டு, முடிச்சு முடிச்சாகக் கிடக்கிறது. சாயங்காலமானால் கால் கனக்கும். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து ஒரே அரிப்பு. தைலம் தேய்த்துப் பார்த்தாள், துணியால் இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். கடையில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் போச்சு! கால் வியாதிக்காரி என்று பேர் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள். நாற்பத்தெட்டு வயதில் வேறு எந்தக் கடை சேர்த்துக்கொள்ளும்? புருஷன் போன பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

தாங்க முடியாமல் ஆவணியில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சுகன்யா காலை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்.

“இது நரம்பில்லம்மா, ரத்தக் குழாய். ரத்தம் கால்ல இருந்து மேல ஏறணும்ல? திரும்பக் கீழ வழியாம இருக்க உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. உங்களுக்கு அது சரியா மூடல. ரத்தம் அங்கயே தேங்குது. நடந்தாலாவது கெண்டைச்சதை அமுக்கி மேல ஏத்திவிடும். நீங்க நடக்கறதுமில்ல, உட்காரறதுமில்ல. நின்னுக்கிட்டே இருக்கீங்க.”

கெட்டுப்போன குழாயை லேசர் வைத்து அடைத்துவிடலாம், மற்றக் குழாய்கள் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், அன்றைக்கே நடக்கலாம், காப்பீட்டு அட்டையிலேயே முடியும், ஒரு வாரம் லீவு போதும் என்றார். ஒரு வாரமா! தீபாவளி முடியட்டும் என்று சின்னக்கண்ணு சொல்லிவிட்டாள். அதுவரைக்கும் போட்டுக்கொள்ள முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற காலுறை ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது வீக்கம் அப்படியே இருந்தது.

“சாக்ஸ் போடுறீங்களா?”

“போடாம இருப்பேனா டாக்டர்? ராத்திரி காலைக் கழுவித் தொடச்சிட்டுப் போட்டுப் படுத்துக்குவேன். காலைல கழட்டி மடிச்சுக் கவர்ல வச்சிருவேன். நல்ல துணி. கடைக்குப் போட்டுட்டுப் போயி அழுக்காக்க மனசு வரல.”

துணி விற்றுப் பழகிய கை! நல்ல துணியைக் கண்டால் மடித்து வைக்கத்தானே போகும்? டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“தலைகீழாப் பண்ணியிருக்கீங்கம்மா. காலைல படுக்கைய விட்டு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி போடணும், படுக்கப்போறப்ப கழட்டணும். தோலைப் பாருங்க. இனியும் விட்டா புண்ணாயிரும், லேசுல ஆறாது. அடுத்த புதன்கிழமை வாங்க, முடிச்சிரலாம்.”

மறுநாள் காலுறையோடுதான் கடைக்குப் போனாள். மத்தியானம் மாடியில் சரக்கு அறையில் எட்டுப் பெண்கள் வட்டமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது சேலை விலகிவிட்டது.

“என்னக்கா காலுக்கு?” என்றாள் ரோசலின், பக்கத்துப் பிரிவுக்காரி.

சின்னக்கண்ணு சட்டென்று சேலையை இழுத்து மூடினாள். பிறகு அவளுக்கே சலித்துவிட்டது. இன்னும் எத்தனை நாளைக்கு மறைத்துக்கொண்டு திரிவது? காலுறையைக் கீழே தள்ளிக் காலைக் காட்டினாள்.

ரோசலின் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் சேலையை முழங்கால் வரை தூக்கினாள். அதே பச்சை முடிச்சுகள், இரண்டு காலிலும். எதிரே உட்கார்ந்திருந்த மூக்காயிக்குக் கணுக்காலில் ஆறியும் ஆறாத புண், மஞ்சள் பற்றுப் போட்டு வைத்திருந்தாள். இப்படியே எட்டுப் பேரில் ஆறு பேர். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து, மற்றவளுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று வருஷக்கணக்கில் மூடி வைத்திருந்தவர்கள்.

“அம்புட்டுப் பேருக்குமா!” என்றாள் சின்னக்கண்ணு. “அப்ப எனக்குப் பதிலா யாரைத்தான் நிப்பாட்டுவாக?”

சிரித்தார்கள். சிரிக்கும்போதே மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது, பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினார்கள்.

கீழே மேற்பார்வையாளர் பவுல்ராஜ் நின்றிருந்தார். சின்னக்கண்ணு நேராக அவரிடம் போனாள்.

“சார், புதன்கிழமைல இருந்து ஒரு வாரம் எனக்கு லீவு வேணும். கால்ல ஆபரேசன்.”

“ஒரு வாரமா? முகூர்த்த சீசன்ல என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? உங்க இடத்துல யாரு நிப்பா?”

சின்னக்கண்ணு வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ரோசலின் குரல் வந்தது. “நான் நிக்கிறேன் சார். அதுக்கு அடுத்த வாரம் எனக்கு லீவு வேணும்.”

“அதுக்கு அடுத்த வாரம் எனக்கு” என்றாள் மூக்காயி.