முருகதாசுக்கு என்ன சுகக்கேடு?

ஜாஸ்பினுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது 2006இல், பதின்மூன்று வயதில், பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில். தலைமையாசிரியை ஒழுக்கத்தைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஜாஸ்பின் விழுந்ததும் பேச்சு நின்றது. வெயிலில் நின்ற எழுநூறு பிள்ளைகளுக்கும் அன்று தன்மேல் உள்ளூர ஒரு நன்றி இருந்திருக்கும் என்று பிற்பாடு அவளே சொல்வாள். கண் விழித்தபோது அவளுடைய இரண்டு கைகளிலும் சாவிக்கொத்துகள். ஆய்வகச் சாவி, அலுவலகச் சாவி, சத்துணவுக் கூடத்துச் சாவி என்று பள்ளிக்கூடம் முழுவதும் அவள் கைப்பிடிக்குள் இருந்தது.

அம்மா லில்லிபாய் அவளைக் களியக்காவிளையில் ஒரு வயதான டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை வலிப்பைக் கொஞ்சம் குறைத்தது, ஜாஸ்பினை நிறையத் தூங்க வைத்தது. ஒன்பதாம் வகுப்பில் என்ன நடந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து மாத்திரையை மாற்றினார்கள். தூக்கம் போயிற்று, ஆனால் ஈறு வளரத் தொடங்கியது. பல்லைப் பாதி மூடிக்கொண்டு ஈறு தடித்தது. மேலுதட்டில் பூனைமுடி கறுத்தது. ஜாஸ்பின் ஒரு வாரம் அழுதாள். அதற்குப் பிறகு, ஈற்றைப் பார்க்க ஆசைப்பட்ட வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு மாங்காய்க் கீற்று வாங்கிக்கொண்டு வாயைத் திறந்து காட்ட ஆரம்பித்தாள்.

ஒன்று மட்டும் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. காலையில் எழுந்ததும் அவள் கையிலிருந்து கண்ணாடித் தம்ளர் தெறித்து விழும். கவனக்கேடு என்று லில்லிபாய் திட்டிவிட்டு, வீட்டில் எல்லாவற்றையும் எவர்சில்வருக்கு மாற்றினாள்.

பத்தொன்பது வயதில் ஒரு உறவினர் சொல்லித் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் சிரிக்காதவர். காலை நேரத்தில் கை வெட்டி இழுக்குமா, கையில் இருப்பது தெறிக்குமா என்று அவர் கேட்டதும் லில்லிபாய் திறந்த வாயை மூடவில்லை. ஆறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. தலையில் வயர் ஒட்டிச் சோதனை செய்து பார்த்துவிட்டு, இது வளரும் வயதில் தொடங்குகிற ஒரு வகை என்றும், அதற்கு இதுவரை கொடுத்த மாத்திரைகள் பொருத்தமில்லை என்றும் டாக்டர் சொன்னார். மூன்றாவது மாத்திரை வந்தது. வலிப்பு நின்றது. தம்ளர்கள் கையிலேயே இருந்தன. ஈறு மெல்ல மெல்ல இறங்கியது. அதற்குப் பதிலாக உடம்பு பதினொரு கிலோ ஏறியது, சீப்பு நிறைய முடி வந்தது. வலிப்பைப் போகச் சொன்னால் முடியையும் கூட்டிக்கொண்டு போகும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று அவள் சொன்னபோதும் டாக்டர் சிரிக்கவில்லை.

2020இல் கல்யாணப் பேச்சு வந்தது. வயிற்றில் வளரும் பிள்ளைக்கு இந்த மாத்திரை ஆகாது என்று சொல்லி டாக்டர் நான்காவதை எழுதினார். இதில் சிலருக்குக் கோபம் வரும் என்று எச்சரித்தும் அனுப்பினார். ஜாஸ்பின் அப்போது களியக்காவிளையில் ஞானையன் என்பவரின் ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தாள். பிறந்தநாள், கல்யாணம், இரங்கல் எல்லாவற்றுக்கும் அவள் கைதான் பலகை செய்யும். புது மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வந்து, பிறந்தநாள் பலகையில் தான் கட்சித் தலைவரைவிட உயரமாகத் தெரிய வேண்டும் என்றார். அப்படியானால் ஏணியில் ஏறி நின்று ஒரு போட்டோ எடுத்து வரும்படி ஜாஸ்பின் சொன்னாள். டாக்டர் அளவைச் சரிசெய்ததும் கோபம் பாதி குறைந்தது. மிச்சப் பாதி தன் சொந்தச் சரக்கு என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் பெயர் ஷாஜன். மோட்டார் பம்பு பழுதுபார்க்கிறவன். நோயைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று லில்லிபாய் மகளிடம் பைபிள்மேல் சத்தியம் கேட்டாள். மகள் சத்தியம் செய்யவில்லை. பெண் பார்க்க வந்த அன்று இருவரையும் முற்றத்தில் ஐந்து நிமிடம் தனியாக விட்டார்கள். ஒரு காரியம் சொல்ல வேண்டும் என்று ஜாஸ்பின் தொடங்கினாள். தனக்கும் ஒரு காரியம் சொல்ல இருக்கிறது என்றான் ஷாஜன். அந்த நேரத்தில் ஒரு சித்தி நேந்திரங்காய் சிப்ஸோடு வந்து, போகவே இல்லை. அவனுக்கு ஏதோ பழைய காதல் இருந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவனும் அவளைப் பற்றி அதையேதான் நினைத்தான். இரண்டு பேரும் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் கல்யாணம் நடந்தது.

ஷாஜன் பைக் ஓட்டமாட்டான். களியக்காவிளையில் முப்பது வயது ஆண் பைக் ஓட்டாமல் இருப்பது ஊரே கூடிப் பேச வேண்டிய விஷயம். புகை மாசு என்று அவன் காரணம் சொன்னான். ஜாஸ்பின் கிணற்றடிக்குத் தனியாகப் போகமாட்டாள். சிறு வயதில் அங்கே பாம்பைப் பார்த்ததாகச் சொன்னாள். இரவு எட்டு மணிக்கு அவன் கோழிக்கூட்டைப் பூட்டப் போவான். அவள் முகம் கழுவப் போவாள். அவளுடைய மாத்திரை பவுடர் டப்பாவில் இருந்தது.

நவம்பரில் ஒருநாள் பவுடர் டப்பா காலியாகக் கிடந்தது. யாரிடம் கேட்பது? கடை விட்டுப் போய் வாங்கவும் தோதுப்படவில்லை. இரண்டு நாள்தானே என்று இருந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலை, ஒரு ஞானஸ்நானப் பலகையை அச்சுக்குக் கொடுக்கும்போது விழுந்தாள். பத்து வருடத்துக்குப் பிறகு வந்த வலிப்பு. ஞானையன் கைக்குக் கிடைத்த இரும்பை, அதாவது பலகை கட்டும் எட்டடிக் கம்பியை, அவள் கையில் பிடித்துக் கொடுத்திருந்தார். கண் விழித்த ஜாஸ்பின் முதலில் கம்பியைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். வீட்டில் சொல்லக்கூடாது என்று அவரிடம் வாக்கு வாங்கினாள்.

அந்த வாரமே, அம்மாவுக்குக் கண் காட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, திருவனந்தபுரம் பஸ் ஏறினாள். மோட்டாருக்கு ஸ்பேர் வாங்கப் போவதாகச் சொல்லி ஷாஜன் அதற்கு முந்திய பஸ்ஸில் போயிருந்தான்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் அவள் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். ஷாஜன். முன்வரிசையில் இருந்து எழுந்து, ஒரு தடித்த பழைய ஃபைலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினவன் அவள் வீட்டுக்காரன்தான். ஃபைலின் அழுக்கைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. பத்து வருடத்துக்குக் குறையாத அழுக்கு. வந்தது கோபமா, சிரிப்பா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. தன் ஃபைலைப் பைக்குள் தள்ளிவிட்டு நேராகப் போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஷாஜனின் முகம் வெளுத்தது. அம்மா கண் டாக்டரிடம் இருப்பதாகவும், வெளியே நிற்க முடியாமல் இங்கே வந்ததாகவும் அவள் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"நீங்க என்ன இஞ்ச?"

"நான்... முருகதாசுக்க கூட வந்தேன். எனக்க கூட்டுக்காரனாக்கும். அவனுக்குத்தான் சூக்கேடு."

"அவரு எங்க?"

"கக்கூசுக்குப் போயிருக்கான்."

ஜாஸ்பின் மிகவும் வருத்தப்பட்டாள். முருகதாசுக்கு என்ன சுகக்கேடு என்றாள். வலிப்பு என்றான். எத்தனை வயதில் வந்தது என்றாள். பதினாறில். பைக் ஓட்டுவாரா என்றாள். பாவம், ஓட்டமாட்டான். புகை மாசு என்பதாலா என்று அவள் கேட்டபோது அவன் சுவரில் இருந்த மூளைப் படத்தைக் கவனமாகப் பார்த்தான். முருகதாசுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பெண்டாட்டியிடம் சொன்னாரா என்று அவள் தொடர்ந்தாள். சொல்லத்தான் போனான், சிப்ஸ் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஷாஜன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

அரைமணி நேரம் முருகதாஸ் கழிப்பறையிலேயே இருந்தார். போய்ப் பார்க்கும்படி ஜாஸ்பின் இரண்டு முறை சொன்னாள். ஷாஜன் நிஜமாகவே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவன் உட்காரும்போதுதான் நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். ஜாஸ்பின். களியக்காவிளை.

அவள் பைக்குள்ளிருந்து ஃபைலை எடுத்தாள். அவன் ஃபைலைவிடத் தடிமன். ஷாஜன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"ஏட்டி, அப்பம் அம்மைக்குக் கண்ணுக்கு ஒண்ணும் இல்லியா?"

இரண்டு ஃபைலிலும் ஒரே விலாசத்தைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதட்டோரம் சற்றே அசைந்தது. பத்து வருடத்தில் முதல் தடவை என்று ஜாஸ்பின் சாதிப்பாள். பிறகு இருவரையும் பிடித்து ஏசினார். மாத்திரையை இரண்டு நாள் விட்டதற்கு அவளுக்கு, ஒளித்ததற்கு இருவருக்கும். நான்காவது மாத்திரையையே விடாமல் தொடரும்படியும், பிள்ளைக்குத் திட்டமிடும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்கும்படியும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ் பாறசாலையைத் தாண்டியது. அவளுக்குச் சிரிப்பு அடங்கி அழுகை வந்திருந்தது. பதினாறு வயதில் தன்னைத் தூங்க வைத்த வலிப்பு மாத்திரையைக் கோழிக்குப் போட்டுப் பார்த்ததையும், கோழி ஒன்றரை நாள் எழுந்திருக்காததையும் ஷாஜன் சொன்னான். அதற்கு மேல் அவளால் அழ முடியவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமியார் தங்கபாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மருமகளின் பவுடர் டப்பாவில் மாத்திரை அட்டையைக் கண்டவள் அவள்தான். மகன் அஜாக்கிரதையாக அங்கே வைத்துவிட்டான், மருமகள் கண்டால் குடும்பமே போய்விடும் என்று பயந்து, அதை அரிசிப் பானைக்குள் புதைத்திருந்தாள்.

"மக்கா, நான் குடும்பத்தக் காப்பாத்தினேன்னுல்லா நெனச்சேன்," என்று ஜாஸ்பினின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

ஜாஸ்பின் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அரிசிப் பானையைத் தானே போய்த் துழாவி, அட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். லில்லிபாய்தான் மூன்று மாதம் சம்பந்தி வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

2024இல் பெண் பிள்ளை பிறந்தது. கர்ப்ப காலத்தில் மாதாமாதம் ரத்தம் எடுத்து மாத்திரையின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். அவளுக்கு வலிப்பு வரவில்லை. பிள்ளையின் பத்து விரலையும் எண்ணிய பிறகுதான் அவள் நர்ஸைத் தூங்கவிட்டாள்.

இந்த வருடம் இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போனார்கள். ஷாஜனுக்கு நாலு வருடமாக ஒன்றுமில்லை. அவனுடைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஜாஸ்பினும் ஆசையோடு கேட்டாள். அவளுடைய வகை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், பல வருடம், ஒருவேளை எப்போதுமே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். ஜாஸ்பின் சரி என்று தலையாட்டினாள். வெளியே வந்ததும் பிள்ளையையும் பையையும் குடையையும் மாத்திரை குறையப்போகிற ஷாஜனின் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஏறி ஜன்னலோர இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீடு வந்து சேரும்வரை அதை அவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.