மவுஸுக்கு வைத்த பொட்டு

ஏம்பலத்தில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, காலேஜ் அப்ளிகேஷன் என்று எதுவானாலும் சுற்றுப்பட்டு ஜனங்கள் என்னிடம்தான் வருவார்கள். வேலை தெரிந்தவள் என்று எனக்குப் பெயர். வாய்க்காரி என்றும் பெயர். இரண்டும் உண்மைதான்.

ஆயுத பூஜை விஷயத்தில் நான் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. கடையைக் கழுவி, மானிட்டருக்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, சி.பி.யு.வுக்கு மாலை சாத்தி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரை கலந்த தட்டு மேசைமேலேயே இருக்கும். படைத்த பிறகு மறுநாள்வரை எதையும் தொடக் கூடாது. கரும்பு வெட்டுகிறவர்கள் கத்தியைப் படையலில் வைத்துவிட்டு அன்று வயல் பக்கம் போகமாட்டார்கள். எனக்குக் கத்தி இந்தக் கம்ப்யூட்டர்தான்.

போன வருஷம் பூஜையன்று காலையில் நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் எதற்கும் பொட்டு வைக்கவில்லை. அப்போது ஒரு அக்கா வாசலில் வந்து நின்றார். கரும்பு வெட்டுக்குப் போகிறவர். கையிலிருந்த மஞ்சள் பையில் மகளின் மார்க் ஷீட்டும் போனும் இருந்தன.

"பொண்ணுக்கு நர்சிங் போடணும்மா. நாளைக்கு அஞ்சு மணியோட முடியுதாம்."

"இன்னாக்கா நீ, பூஜ நாளும் அதுவுமா வந்து நிக்கிற! இன்னிக்கி மிஷினத் தொடமாட்டேன். நாளைக்கு வா."

"நாளைக்கு வெட்டு இருக்குதும்மா. இப்பவே ஒரு அஞ்சு நிமிஷம்..."

"இன்னிக்கி நீ கத்தியத் தொடுவியா? சொல்லு, தொடுவியா?"

அவர் திரும்பிப் போய்விட்டார். நறுக்கென்று கேட்டுவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு, கரும்புச் சோகை கீறிய கையோடு, வெட்டிலிருந்து நேராக வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"பக்கத்துல இருக்கிற காலேஜாப் பார்த்துப் போடும்மா. எங்கூட்டுக்காரு லாரியிலேர்ந்து வுழுந்ததுலேர்ந்து கட்டுலோட கெடக்குறாரு. நான் விடிஞ்சதும் வெட்டுக்குப் போயிடுவேன். பொண்ணுதான் அவரத் தூக்கி உக்கார வெச்சு சோறு குடுக்குது. அது தெனம் வூட்டுக்கு வந்துடணும்மா."

"அதெல்லாம் ஜம்முன்னு போட்டுடலாம்க்கா" என்று கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

மவுஸை நகர்த்தினேன். திரையில் அம்பு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். சட்டென்று மூலைக்குத் தாவியது. பிறந்த தேதிக்கு நேராக வைத்தால் மேலே ஓடியது. நடுநடுவே பக்கம் தானாகக் கீழே நழுவியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மவுஸ் ஒயரை வேறு ஓட்டையில் சொருகினேன். அடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பார்த்தேன். அடுத்த கம்ப்யூட்டரின் மவுஸைப் பிடுங்கி மாட்டினேன். அதுவும் அதே கூத்தடித்தது. இரண்டும் ஒன்றாகக் கெட்டால் வைரஸாகத்தான் இருக்கும் என்று ஸ்கேன் போட்டு இருபது நிமிஷத்தைப் பாழாக்கினேன். மூலக்குளத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டேன். விஜயதசமி, கடை லீவு என்றார்கள்.

மணி நாலு ஆகிவிட்டது. அக்கா சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா உசுர வாங்குற? அந்தாண்ட போயி உக்காரு!" என்று கத்தினேன். எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். பாவம், அவர் என்ன செய்தார்?

எரிச்சலில் மவுஸைத் தூக்கி மல்லாக்கப் போட்டேன். அடியில் சிவப்பு வெளிச்சம் வரும் ஓட்டை, சந்தனமும் குங்குமமும் காய்ந்து பாதிக்குமேல் அடைபட்டிருந்தது. மேலே வைத்தால் கைபட்டு அழிந்துவிடுகிறதே என்று அந்த வருஷம்தான் புத்திசாலித்தனமாகத் திருப்பிப் போட்டு அடியில் பொட்டு வைத்திருந்தேன். இரண்டு மவுஸுக்கும். என் கையால்தான்.

தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஓட்டையைச் சுரண்டித் துடைத்தேன். மாட்டியதும் அம்பு சொன்ன பேச்சு கேட்டது. அப்பாடா என்று இருந்தது. மளமளவென்று அப்ளிகேஷனை நிரப்பினேன். முதல் விருப்பம், அவர்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய காலேஜ். இரண்டாவதும் பக்கத்தில்தான். முதல் விருப்பத்தை மறுபடி தொட்டுச் சரிபார்த்துவிட்டு, போனில் ஓ.டி.பி. வருவதற்காகக் காத்திருந்தோம். சிக்னல் இல்லாமல் அது வருவதற்குள் ஏதோ ஒன்று திரையில் நழுவின மாதிரி இருந்தது. மவுஸில் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். நம்பரை அடித்தேன், அனுப்பினேன்.

"போயிடுச்சுக்கா!"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிரிண்டரிலிருந்து வந்த தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் விருப்பம் என்ற இடத்தில் பட்டியலின் கடைசியிலிருந்த, பஸ்ஸில் நாலு மணி நேரம் போகவேண்டிய காரைக்கால் காலேஜ் இருந்தது. கீபோர்டைப் பார்த்தேன். பட்டியலைக் கீழே தள்ளும் அம்புக்குறி பட்டன் உள்ளே அமுங்கிக் கிடந்தது. நெம்பி எடுத்தால், அடியில் ஒரே ஒரு பொரி, நாட்டுச்சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மவுஸின் கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், கோளாறு இரண்டாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. திருத்தலாம் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். இனி மாற்ற முடியாது என்று வந்தது.

"பிரிண்டர் மக்கர் பண்ணுதுக்கா, பேப்பர் அப்புறம் தரேன்" என்றேன். அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது அந்தப் பிரிண்டர் ஒன்றுதான்.

அக்கா நிம்மதியாகப் போனார். நான் தாளை மடித்து மேசை டிராயரில் போட்டேன். மறுநாள் உதவி எண்ணுக்குப் பேசியதில், லாக் ஆனது ஆனதுதான் என்றார்கள். காரைக்காலுக்கு மார்க் பத்தாமல் இரண்டாவது விருப்பமே கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட் அறிவிக்கும்வரை இருந்த பத்து நாளும் அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்தாம் நாள் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார்.

"காரைக்கால்ல எடம் வந்துருக்குதும்மா. பொண்ணு அழுவுது. நான்தான் சொன்னேன், பூஜ போட்ட மிஷின்ல போட்டதுடி, சாமி பார்த்துக் குடுத்த எடம், வேணாங்கக் கூடாதுன்னு. அவர எப்படியாவது பார்த்துக்கறோம். நீ வாயத் தொற, ஜாங்கிரி எடுத்துக்க."

அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பழியைச் சாமியே வாங்கிக்கொண்டிருக்கும். என்னால் அந்த ஜாங்கிரியை வாயில் வைக்க முடியவில்லை. டிராயரைத் திறந்து தாளை எடுத்து மேசையில் வைத்தேன். பொட்டு, பொரி, பிரிண்டர் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எந்தப் பட்டன் என்று கேட்டார். காட்டினேன். விரலால் அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"மொத நாளு நீ பொட்டு வெக்கிறதுக்கு முன்னாடியே வந்தேனேம்மா. அப்பவே போட்டிருந்தா?"

"பக்கத்துலயே கெடச்சிருக்கும்க்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜாங்கிரிப் பொட்டலத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "காரைக்காலுக்குக் காலையில மொத பஸ்ஸு எத்தினி மணிக்கும்மா?" என்று கேட்டார்.

பார்த்துச் சொல்வதற்காக மவுஸைத் தொட்டேன். நான் இழுத்த பக்கமெல்லாம் அது ஒழுங்காகப் போனது.