அஞ்சலி நீங்கலாக

எங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் சங்கத்தை நானும் அவளும் இரண்டு பேராகத்தான் தொடங்கினோம். பிரான்சில் ஒரு சங்கத்தைப் பதிவதற்கு இரண்டு பேர் போதும். நான் தலைவி, அவள் செயலாளர். முதல் ஆறு மாதமும் எங்களைத் தவிர வேறு உறுப்பினர் இருக்கவில்லை. கூட்டம் என்றால் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில்தான் நடக்கும். அம்மா பிட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தலைவி இப்ப சாப்பிடலாமோ, இல்லாட்டி அதுக்கும் தீர்மானம் போடோணுமோ?" என்று கேட்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நான் நான்கு வயதில் பாரிசுக்கு வந்தவள். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் பிரெஞ்சில் கனவு காண்பவளாக வளர்ந்தேன். அவள் பதினெட்டு வயதில் கிளிநொச்சியிலிருந்து பாரிசின் புறநகரான ஓல்னேயில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு வந்தவள். தகப்பன் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ரீச்சர். இவள் ஒரே பிள்ளை. மொழி வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் பொருளியல் துறையில் சேர்ந்தாள். விரிவுரை முடிந்ததும் என் குறிப்புகளை வாங்கிப் பிரதியெடுப்பாள். அவளுடைய பிரெஞ்சு இலக்கணப் பிழையில்லாதது, ஆனால் மெதுவானது. ஆட்கள் பொறுமையிழந்து அவளுடைய வசனத்தைத் தாங்களே முடித்துவிடுவார்கள். எனக்கு அது கோபமூட்டும். நான் அப்படிச் செய்ததே இல்லை என்று அப்போது நம்பியிருந்தேன்.

பல்கலைக்கழகம் எங்களிடம் வாங்கும் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை மாணவர் சங்கங்களுக்கென்று ஒதுக்கிவைக்கும். பணம் வேண்டுமென்றால் சங்கம் ஒரு தோசியே தயாரிக்கவேண்டும். என்ன நிகழ்ச்சி, யாருக்கு, எவ்வளவு செலவு என்று எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கவேண்டும். பிறகு நிதிக் குழுவின் முன்னால் போய் விளக்கவேண்டும். குழுவில் மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் சில பேராசிரியர்களும் இருப்பார்கள். எங்கள் முதல் தோசியே பொங்கலுக்கானது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நிறச் சால்வை போட்டுக்கொண்டு போனோம். நான் பேசினேன், அவள் படங்களைக் காட்டினாள். கேட்டது முழுவதும் கிடைத்தது. அன்றைக்கு ரயில் நிலையம் வரை ஓடியே வந்தோம். ஏன் ஓடினோம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

பிறகு 2009 வந்தது. தை மாதம் அவளுடைய அம்மா கடைசியாகத் தொலைபேசியில் பேசினார். அதன்பிறகு இலக்கம் வேலை செய்யவில்லை. அந்த மாதங்களில் அவள் விரிவுரை மண்டபத்தில் கைத்தொலைபேசியைப் புத்தகத்தின் மேலேயே வைத்திருப்பாள். வைகாசியில் போரோடு எல்லாம் முடிந்தது. ஆனி மாதம் முகாமிலிருந்து ஒரு அயல்வீட்டுப் பெண் பேசினார். ஷெல் விழுந்தது, ரீச்சர் அந்த இடத்திலேயே போய்விட்டா என்றார். எந்த நாள் என்று கேட்டதற்கு, "நாள் ஆர் பிள்ளை பார்த்தது" என்று அழுதாராம்.

மாமா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அக்கா உயிரோடு ஏதோ ஒரு முகாமில் இருக்கிறா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் படம் வைக்கவோ விளக்கேற்றவோ விடவில்லை. எட்டாம் நாள் சடங்குமில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியுமில்லை. இதையெல்லாம் அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். எங்கள் குசினியில், அம்மா கடைக்குப் போயிருந்த நேரம்.

"மாமாவோட சண்டை பிடிக்கேலாதடி. அவர் நம்பினாத்தான் அவருக்கு நித்திரை வரும். ஆனா எனக்கு ஒருக்காலாவது அம்மாட பேரைச் சத்தமாச் சொல்லி அழவேணும்."

நான் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டின் இறுதியில் மாணவர் பேரவைத் தேர்தல் வந்தது. ஒரு அணி என்னைத் தங்கள் பட்டியலில் சேர அழைத்தது. சங்கத் தலைமையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போட்டியிட்டேன். துண்டுப்பிரசுரம் கொடுக்க அவள் குளிரில் மூன்று நாள் வாசலில் நின்றாள். நான் வென்றேன். நிதிக் குழுவிலும் எனக்கு இடம் கிடைத்தது. அணித் தலைவன் முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்: "நீ உன் ஆட்களுக்காக வந்தவள் என்று ஒருவரும் சொல்லாமல் பார்த்துக்கொள். நன்றாகச் செய்தால் அடுத்த வருடம் மாணவர் துணைத்தலைவர் பதவிக்கு உன்னைத்தான் நிறுத்துவோம்." அந்தப் பதவி எனக்கு வேண்டுமாயிருந்தது. எவ்வளவு வேண்டுமாயிருந்தது என்பதை இப்போது எழுதவே வெட்கமாயிருக்கிறது. கோப்பை கழுவுகிறவரின் மகள் பல்கலைக்கழகத் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பாள் என்று அப்பா ஊருக்கெல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தார்.

மார்ச் மாதம் அவள் தோசியே கொடுத்தாள். வைகாசியில் ஒரு மாலை நிகழ்ச்சி. முதல் பாதி நடனம், இசை, சாப்பாடு. இரண்டாம் பாதி, போரில் இறந்த பொதுமக்களுக்கு அஞ்சலி. மாணவர்கள் தங்கள் வீட்டில் இழந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள், பிறகு மெழுகுதிரி ஏற்றுவார்கள். எந்தக் கொடியும் இருக்காது என்று அவளே எழுதியிருந்தாள். அந்தப் பிரெஞ்சை நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

குழு கூடிய அன்று அவள் தனியாக வந்தாள். நீள மேசையின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் குழுவோடு நான். நடனப் பகுதியை நன்றாகவே விளக்கினாள். அஞ்சலிக்கு வந்ததும் ஒரு பேராசிரியர் குறுக்கிட்டார்.

"இறந்தவர்கள் என்றால் யார்? போராளிகளா?"

"இல்லை. மக்கள். எங்கள் வீடுகளில்…" அவள் சொல்லைத் தேடினாள். யாரோ அவளுக்காக வசனத்தை முடித்தார்கள்: "உங்கள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள்." அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது கெஞ்சும் பார்வையில்லை. நான் இருக்கிறேன், நான் சொல்லிவிடுவேன் என்ற நிம்மதியான பார்வை. நான் முன்னால் கிடந்த தாளைப் பார்த்தேன்.

விண்ணப்பித்தவர்கள் வெளியே போன பிறகுதான் குழு முடிவெடுக்கும். கதவு சாத்தியதும் தலைமை வகித்தவர் என் பக்கம் திரும்பினார். "இதை எங்களைவிட நீங்கள் அறிவீர்கள். இது அரசியலா?"

ஒரே ஒரு வசனம் போதுமாயிருந்தது. அவளுடைய அம்மா இறந்துவிட்டா, அவளுக்குச் செத்தவீடு செய்யவும் இடமில்லை. இதைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் எவரும் மறுத்திருக்கமாட்டார்கள். அவர்கள் கெட்டவர்களில்லை. ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குழுவில் என்னோடிருந்த அணித் தலைவனும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நடுநிலையான குரலில், அழகான பிரெஞ்சில் சொன்னேன்: "பண்பாட்டு நிகழ்ச்சியை ஆதரிக்கிறேன். அஞ்சலிப் பகுதி அரசியலாகப் புரிந்துகொள்ளப்படலாம். பல்கலைக்கழகம் அதிலிருந்து விலகியிருப்பது நல்லது." அவளுடைய துக்கம் தனிப்பட்டது, அதை நான் வெளியில் சொல்லக்கூடாது என்று எனக்குள் ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

அஞ்சலி நீங்கலாக நிதி அனுமதிக்கப்பட்டது. எல்லாரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன்.

வெளியே காத்திருந்தவளிடம், "கடுமையாப் பேசிப் பார்த்தனான். விடமாட்டினமாம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "பரவாயில்லையடி, நீ என்ன செய்வாய்" என்றாள். அந்தப் பொய்யைச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டக் குறிப்புகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு இருக்கும் என்பதும் தெரியும். இருந்தும் ஏனோ அதை நான் யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், லா ஷப்பலில் மரக்கறிக் கடை வாசலில் அவள் எனக்காக நின்றாள். உள்ளே அம்மா முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவள் கையில் குறிப்பின் பிரதி இருந்தது. சத்தம் போடவில்லை.

"இதை நீ சொன்னனியோ?"

நான் தாளை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"என்ரை அம்மா அரசியலே?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. அவையள் எப்பிடி விளங்கிக்கொள்ளுவினம் எண்டுதான்…"

"அவையளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும் தானே. முழு பாரிசிலையும் உனக்கு மட்டும்தானேடி தெரியும்."

அதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. ஆட்கள் பைகளோடு எங்களை விலத்திக்கொண்டு போனார்கள். அவள் தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையப் பக்கமாக நடந்தாள். கடைக்குள்ளிருந்து வந்த அம்மா, "பிள்ளை ஏன் வீட்டை வராமல் போகுது?" என்று கேட்டார். அலுவல் இருக்காம் என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை என் கையில் தந்தார்.

சங்கத்தில் அப்போது பதினைந்து பேர் வரை இருந்தார்கள். கிடைத்த பணத்தை விடுவானேன் என்றார்கள். அவள் தலைமையை விட்டு விலகினாள். நிகழ்ச்சி நடந்தது. பரதம் ஆடினார்கள். வடையும் ரோல்ஸும் கொடுத்தார்கள். நிதிக் குழுத் தலைவர் வந்து, எவ்வளவு வண்ணமயமான பண்பாடு என்று பாராட்டினார். நன்றியுரை நான். சேலை உடுத்து முன்வரிசையில் இருந்த அம்மா, நான் இறங்கி வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "அவளை ஏன் காணேல்லை?"

அன்று வீட்டுக்கு வந்துதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசவில்லை. சேலையை மடித்து வைத்துக்கொண்டே, "அந்தப் பிள்ளை இஞ்சை வந்து சாப்பிடேக்கை தாயை நினைச்சு அழுதிருக்கும், எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். என்னிடமில்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோல.

அடுத்த வாரம், மதிய இடைவேளையில், பேரவை அறையின் யன்னலால் கீழே முற்றத்தைப் பார்த்தேன். அவள் ஆட்கள் இருக்கிற நீள வாங்கில் ஒன்றின் மேல் ஏறி நின்றாள். சுற்றிவர ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் படிகளில் இறங்கி ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அவள் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கி இல்லை, மெழுகுதிரி இல்லை. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தினாள். கடைசியாகத் தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள், இரண்டு தரம். அழவில்லை. சத்தமாகச் சொல்லி அழவேணும் என்று சொன்னவள், சத்தமாகச் சொல்லிவிட்டு அழாமல் நின்றாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அழுதது நான்தான். இறங்கும்போது அவள் என்னைக் கண்டாள். கண்ட கண் நிற்கவில்லை, அப்படியே கடந்து போனது.

மறு வருடம் நான் மாணவர் துணைத்தலைவரானேன். அவள் பரீட்சை எழுதவில்லை என்றும், மாமா கனடாவில் கலியாணம் பேசியிருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். கடிதம் எழுதினேன். தமிழில் எழுதினேன், பிழைகளோடு. ஓல்னே விலாசத்துக்கு மூன்று தரம் அனுப்பினேன். பதில் இல்லை. பதவியிலிருந்த காலத்தில் விதியொன்றை மாற்றுவித்தேன்: விண்ணப்பித்தவரைத் திரும்ப அழைத்து ஒருமுறை கேளாமல் எந்தப் பகுதியையும் நீக்கக்கூடாது என்று. நல்ல விதி. யார் யாருக்கோ உதவியிருக்கும். அவளுக்கு உதவவில்லை.

பல வருடங்கள் கழித்து, ஒரு ஆடி மாதம், லா ஷப்பலில் நகைக்கடை வாசலில் அவளைக் கண்டேன். விடுமுறைக்கு வந்திருந்தாள் போலும். ஐந்தாறு வயதில் ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நின்றது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை. கோபமிருந்தால் நல்லது என்று தோன்றியது.

"எப்பிடி இருக்கிறியள்?" என்றாள்.

எங்கள் வயது ஒன்று. ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். என்னை அவள் ஒருபோதும் நீங்கள் என்று சொன்னதில்லை.

"இருக்கிறன்" என்றேன். "நான் உன்னட்டை ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு…"

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. அன்ரி சுகமோ?"

"அம்மா போன வருசம் தவறிப்போயிட்டா."

அவளுடைய கண்கள் நிறைந்துவிட்டன. எனக்காக இல்லை, அம்மாவுக்காக. தெருவில் நின்றபடியே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். "எத்தினையாம் திகதி?" என்று கேட்டாள். சொன்னேன். மறக்காமல் வைத்துக்கொள்வதுபோல ஒருதரம் முணுமுணுத்தாள். பிறகு பிள்ளையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப வாறன்" என்றாள்.

தெருவுக்கு மேலே பாலத்தில் ஓடும் மெட்ரோவின் படிகளில் அவர்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. பின்னால் ஓடிப்போயிருக்கலாம். ரயில் வந்து நின்று போகும் சத்தம் மேலே கேட்டது. நான் அடுத்த மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கமாக நடக்கத் தொடங்கினேன்.